வாளிக் கணக்கு

மழை விட்ட விடியலில் ஒரு சத்தம்,
யாரோ கட்டிலை முறித்ததுபோல.
லோர்ன் வெறுங்காலோடு ஓடினான்.
பின்னால் நான், டார்ச்சோடு.
காம்பிலிருந்து அடிவரை
கை நுழையும் அளவுக்கு வெடிப்பு.
உள்ளேயிருந்து ஆவி வந்தது
பசுவின் மூச்சைப் போல.

வெடித்த பூசணியைப் போட்டித் தராசில் ஏற்றமாட்டார்கள்.
அனாபொலிஸ் பள்ளத்தாக்கில்
பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரியும்.
ஜூனிலிருந்து இரவுதோறும் அதற்குப் போர்வை போர்த்தியவன்,
தன் முழங்காலை ஒரு நாளும் வைத்தியரிடம் காட்டாதவன்,
உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை கார்மன் ரஃப்யூஸுக்கு நீல ரிப்பன்.
நானூற்றுப் பதினெட்டுக் கிலோ.
ரேடியோ சொன்னது.
லோர்ன் ரேடியோவை நிறுத்தவும் இல்லை,
சத்தத்தைக் கூட்டவும் இல்லை.

மரமறுக்கும் வாளை எடுத்துக்கொண்டு போனேன்.

ராட்சதப் பூசணிக்கு ருசி கிடையாது.
நாரால் கட்டிய தண்ணீர் மூட்டை.
சூப் வைத்தால் சூப்புக்கே வெட்கம்.
ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கத்து இர்மா
பட்டாணித் தோலில் ஒயின் போட்டவள்.
சர்க்கரைக்குச் சாதி பேதம் தெரியாது, போடு என்றாள்.
சதை பத்து கிலோ, நிறுத்து எடு என்றாள்.

குளியலறைத் தராசைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன்.
பத்து கிலோவோடு நிறுத்தியிருக்கலாம்.
கை நிற்கவில்லை.
பன்றிகளுக்குப் போன வாளியையும் நிறுத்தேன்,
குழிக்குப் போன வாளியையும்.
நிலவறைக் கதவில்
தச்சன் பென்சிலால் ஒவ்வொன்றாக எழுதினேன்.

துருவியது துணிப்பையில்.
எலுமிச்சை நாலு, இஞ்சி விரல் நீளம்,
உலர்திராட்சை ஒரு பிடி, ஈஸ்ட்.
முதல் நாள் ஒன்றும் இல்லை.
இரண்டாம் நாள் நுரை.
மூன்றாம் நாள் நிலவறை பேச ஆரம்பித்தது,
குடுவையின் வளைந்த மூக்கில்
ளுக்.
நான் கழற்றிய கம்மலைத் தேடும் நேரம்.
ளுக்.

அன்று இரவுதான் கூட்டினேன்.
வாளியின் எடை கழித்து,
அவன் உறையில் போட்டு வைத்த விதைகள் போக,
மண் குடித்தது போக,
நானூற்று இருபத்தொன்று.
மேலிருந்து கீழே கூட்டினேன்.
கீழிருந்து மேலே.
அதேதான்.

மூன்று கிலோ.
எங்கள் பூனை அதைவிடக் கனம்.

சொல்லவில்லை.
முழுப் பூசணியை மறைக்கச் சோறு வேண்டாம்,
இருபது லிட்டர்க் குடுவை போதும்.

டிசம்பரில் தெளிவை வேறு குடுவைக்கு மாற்றினோம்.
நான் குழாயை வாயால் உறிஞ்சி விட,
அவன் தாழ்ந்த குடுவையைப் பிடித்துக்கொண்டான்.
கலங்கலின் மேல் கண்.
அவன் முதுகுக்குப் பின்னால் கதவு.
போதும், கசடு வருது என்றான்.
பனிக்காலம் முழுக்க அவ்வளவுதான் பேச்சு
அந்தப் பூசணியைப் பற்றி.

மே மாதம் நான் தங்கையைப் பார்க்கப் போய் வந்த நாள்
வீடெல்லாம் பெயின்ட் வாடை.
நிலவறைக் கதவு பச்சை.
நடுவில் ஒரு சாண் சதுரம் மட்டும்
பழைய மரம், பழைய பென்சில்.
ஜன்னல் கண்ணாடியைச் சுற்றிப் பூசுவதுபோல்
அதன் ஓரத்தைத் தூரிகை
மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றியிருந்தது.

ஒரு வருஷம் பொறு என்று இர்மா சொன்னதை மீறி
அன்றைக்கே ஒரு பாட்டிலைத் திறந்தேன்.
நிறம், மாலை வெயில் பட்ட டீ.
முதல் மடக்கு நனைந்த கயிறு.
பிறகு இஞ்சி.
பிறகு, எங்கேயோ தூரத்தில்,
தேன் இருந்த ஜாடி.

லோர்ன் குடித்தான்.
வாயைத் துடைத்தான்.
இன்னும் ஆகல ஹெட்டி என்றான்.
இரண்டாவது கோப்பையை அவனே ஊற்றிக்கொண்டான்.

வெகுநேரம் கழித்து,
என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்:
அந்தத் தராசு சரியாக் காட்டுமா?

எனக்கு எப்பவும் கூடத்தான் காட்டும் என்றேன்.

சிரிப்பு வந்து
ஒயின் அவன் மூக்கில் ஏறியது.